சார்ஜர், அடாப்டர், ஸ்டாண்ட்பை மின்சாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சும்மா செருகி வைத்திருக்கும் சார்ஜர் மின்சாரம் எடுக்குமா என்ற கேள்வியில்தான் இந்தப் பேச்சு எப்போதும் தொடங்குகிறது. எடுக்கும். ஆனால் இன்றைய போன் சார்ஜர்தான் இதில் மிகச் சிறிய செலவு. அதையே துரத்திக்கொண்டிருந்தால், டிவிக்குப் பக்கத்திலும் மேஜைக்கு அடியிலும் இரவு பகலாக இழுத்துக்கொண்டிருக்கும் பெட்டிகள் கண்ணில் படாமலே போய்விடும். அதனால் இங்கே சார்ஜரில் தொடங்கி, வீடு முழுவதையும் பார்த்துவிடலாம்.

ஸ்டாண்ட்பை மின்சாரம் என்பது எது?

ஒரு சாதனம் தன் வேலையைச் செய்யாமல் இருக்கும்போதும் பிளக் வழியாக எடுத்துக்கொண்டே இருக்கும் மின்சாரம். ரிமோட்டில் அணைத்த டிவி அடுத்த உத்தரவுக்காகக் காத்திருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு மணி காட்டுகிறது. போன் இல்லாத சார்ஜர் போன் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. மூன்றும் இதில் சேரும்.

கணக்குக்கு ஓர் எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாட் வீதம் ஆண்டு முழுவதும் இடைவிடாமல் போனால் 8.76 யூனிட். வருடத்துக்கு 8,760 மணி நேரம், அவ்வளவுதான். எந்தச் சாதனமானாலும் அதன் ஸ்டாண்ட்பை வாட்டை இந்த எண்ணால் பெருக்கினால் ஆண்டுச் செலவு யூனிட்டில் வந்துவிடும்.

போன் இல்லாமல் செருகியிருக்கும் சார்ஜர் எவ்வளவு எடுக்கும்?

கடந்த சில ஆண்டுகளில் வந்த தரமான போன் சார்ஜர் 0.1 வாட்டுக்குக் கீழே. 0.03 வாட் அளவில் நிற்கும் சார்ஜர்களும் உண்டு. 0.1 வாட் என்றே வைத்துக்கொண்டாலும், வருடம் முழுக்கச் சுவரில் இருந்தால் 0.88 யூனிட். 2 கிலோவாட் கெட்டில் ஒன்று அரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாக ஓடினால் அதே செலவு ஆகிவிடும்.

போனைச் சார்ஜ் செய்வதற்கான செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்றைய போன் பேட்டரிகள் பெரும்பாலும் 15 முதல் 20 வாட்-மணி. வழியில் வீணாவதையும் சேர்த்து ஒரு முழு சார்ஜுக்கு ஏறக்குறைய 0.02 யூனிட். தினமும் ஒருமுறை என்றால் வருடத்துக்கு ஏழு யூனிட் பக்கம். ஆக, போன், சார்ஜர் இரண்டும் சேர்ந்தே பில்லில் தெரியாத அளவுதான். சார்ஜரைப் பிடுங்கி வைப்பது நல்ல பழக்கம், ஆனால் அதைச் செய்துவிட்டதாலேயே வீட்டில் மின்சாரத்தை மிச்சம் பிடித்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது.

ஒன்றும் இணைக்காதபோது உள்ளே எதற்குத்தான் மின்சாரம் செலவாகிறது?

சார்ஜர் என்பது சுவரிலிருந்து வரும் ஏ.சி. மின்சாரத்தை (திசை மாறி மாறி ஓடுவது) முதலில் உயர் அழுத்த டி.சி.யாக (ஒரே திசையில் ஓடுவது) மாற்றி, அதை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிவெட்டி ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 5 வோல்ட்டாகவோ 9 வோல்ட்டாகவோ தருகிற கருவி. வெளியே எதுவும் இணைந்திருக்காவிட்டாலும், எந்த நொடியில் போன் வந்தாலும் சரியான வோல்ட்டேஜ் தயாராக இருக்க வேண்டும். அதற்குக் கட்டுப்பாட்டுச் சில்லு விழித்திருக்க வேண்டும். நல்ல சில்லுகள் இந்த நேரத்தில் தொடர்ந்து வேலை செய்வதில்லை. அவ்வப்போது சில துடிப்புகளை அனுப்பிவிட்டு மீண்டும் தூங்கப் போய்விடும். 0.1 வாட்டுக்குக் கீழே வர முடிந்தது பெரும்பாலும் இந்த உத்தியால்தான்.

பாதுகாப்புக்காகவும் கொஞ்சம் போகும். லேப்டாப் அடாப்டர் போன்றவற்றில் உள்ளீட்டுப் பக்கம் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். பிளக்கைப் பிடுங்கியதும் அதில் தேங்கிய மின்சாரம் பிளக் கம்பியைத் தொடும் விரலைத் தாக்காமல் இருக்க, அதை வடித்துவிடும் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே போடுவார்கள். அது 1 மெகா ஓம் என்றால் 230 வோல்ட்டில் 0.05 வாட் எப்போதும் அதில் போய்க்கொண்டிருக்கும். அந்த 0.05 வாட்டை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். ஒருவருடைய விரலைக் காக்கிற செலவு அது.

இன்னொன்று: முனையில் எதுவும் இல்லாமல் தொங்கும் சாதாரண யு.எஸ்.பி. வயர் தனியாக மின்சாரம் தின்பதில்லை. செலவு சுவரில் இருக்கும் கட்டையில்தான்.

என்னிடம் இருப்பது பழைய வகையா, புதிய வகையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் எடுத்துப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனமாக, உள்ளே இரும்புக்கட்டி இருப்பதுபோல் இருந்தால் அது பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர். பழைய ரேடியோ, கார்ட்லெஸ் போன், கீபோர்டு வாத்தியம், அழைப்பு மணி போன்றவற்றோடு வந்திருக்கும். எதையும் இணைக்காமல் இரண்டு மணி நேரம் செருகி வைத்துவிட்டு உள்ளங்கையை அதன் மேல் வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும், அமைதியான அறையில் காதருகே கொண்டுபோனால் மெல்லிய ரீங்காரமும் கேட்கலாம். இரும்பு மையத்தில் காந்தப்புலம் நொடிக்கு நூறோ நூற்றிருபதோ முறை திசை மாறிக்கொண்டே இருப்பதால் வரும் சூடு அது. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த இழப்பு நிற்காது. இப்படிப்பட்ட அடாப்டர் ஒன்று 1 முதல் 3 வாட் வரை எடுக்கும். அதாவது புதிய போன் சார்ஜர்கள் பத்து இருபதுக்குச் சமம். பிடுங்கி வைக்க வேண்டிய அடாப்டர் என்றால் இதுதான்.

எடை குறைவாக, கை வைத்தால் சூடே தெரியாமல் இருந்தால் புதிய வகை. லேபிளையும் பாருங்கள். பொடி எழுத்துகளுக்கு நடுவே, பெரும்பாலும் ஒரு வட்டத்துக்குள், ரோமன் எண் ஒன்று அச்சாகியிருக்கும். அடாப்டர் எவ்வளவு சிக்கனமானது என்பதைக் காட்டும் நிலை அது. ரோமன் ஆறு (VI) என்றால், 49 வாட் வரையிலான சாதாரண அடாப்டர் சும்மா இருக்கும்போது 0.1 வாட்டைத் தாண்டக் கூடாது. ஐந்து (V) என்றால் 0.3 வாட் வரை. நான்கு (IV) என்றால் 0.5 வாட் வரை.

லேபிளில் 0.5 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. 230 வோல்ட்டோடு பெருக்கினால் 115 வாட் வருகிறதே?

பயப்பட வேண்டாம். அது எப்போதும் எடுக்கும் மின்னோட்டம் அல்ல, அதிகபட்சம். 100 வோல்ட் முதல் 240 வோல்ட் வரை எந்த ஊரில் செருகினாலும் வேலை செய்யும்படி செய்திருப்பதால், மிகக் குறைந்த வோல்ட்டேஜில், முழுச் சுமையில் எவ்வளவு எடுக்குமோ அதைத்தான் போட்டிருப்பார்கள். சும்மா இருக்கும்போது எவ்வளவு எடுக்கும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியென்றால் வீட்டில் யார்தான் இழுக்கிறார்கள்?

செட்டாப் பாக்ஸை முதலில் பாருங்கள். பல மாடல்களில் ரிமோட்டில் அணைத்தால் முகப்பு விளக்கின் நிறம்தான் மாறும். உள்ளே டியூனரும் செயலியும் அப்படியே ஓடும். ஓடும்போது 12 வாட் எடுக்கும் பெட்டி, அணைத்த பிறகும் 10 வாட் எடுப்பது சாதாரணமாகக் காணக்கூடியது. நாளுக்கு நாலு மணி நேரம் டிவி பார்க்கும் வீட்டில் மீதி இருபது மணி நேரமும் 10 வாட் என்றால் ஆண்டுக்கு 73 யூனிட். சும்மா செருகிய எண்பது போன் சார்ஜர்கள் சேர்ந்தால்தான் அந்த அளவு வரும். பெட்டியின் மேல் கை வைத்தாலே தெரியும்: இரவெல்லாம் அணைந்திருந்த பெட்டி காலையில் சூடாக இருந்தால், அது தூங்கவே இல்லை.

அடுத்தது ஒலிப் பெட்டிகள். பழைய ஸ்டீரியோ, ஹோம் தியேட்டர், சப்வூஃபர் ஆகியவற்றில் பலவற்றுக்கு முன்பக்க சுவிட்ச் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால்தான் இருக்கும். அணைத்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் மின்சாரத்திலேயே நிற்கும். கேம் விளையாடும் கன்சோலில் 'உடனே தொடங்கு' வசதியை இயக்கி வைத்தால் 10 வாட் வரைகூடப் போகலாம். அமைப்புகளில் மின்சேமிப்பு நிலையைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வாட்டுக்குக் கீழே இறங்கிவிடும். தொடங்க அரை நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவே.

மேஜைக் கம்ப்யூட்டர், அதன் ஸ்பீக்கர், மானிட்டர், பிரிண்டர் எல்லாம் 'அணைந்த' நிலையில் தனித்தனியே ஒன்றிரண்டு வாட்தான். கூட்டினால் ஐந்தாறு ஆகிவிடும். எலக்ட்ரிக் டூத்பிரஷ் தாங்கி, பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி டிரில்லின் சார்ஜர் ஆகியவை விடாமல் ஒழுகவிடும் வகை. வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசரை மறக்காதீர்கள். அதுவும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்தான், ஏ.சி.யையே பயன்படுத்தாத மாதங்களில்கூட ஸ்டெபிலைசர் சுவிட்ச் போட்டபடி இருந்தால் பல வாட் போய்க்கொண்டிருக்கும். சில ஏ.சி.க்களின் வெளிப்பெட்டியில் கம்ப்ரஸர் எண்ணெயை வெதுவெதுப்பாக வைக்கும் ஹீட்டர் வேறு உண்டு, அது பத்துக்கணக்கான வாட். நீண்ட நாள் பயன்படுத்தாத ஏ.சி.க்குப் பிரேக்கரையே இறக்கிவிடுங்கள். மீண்டும் பயன்படுத்துவதற்குச் சில மணி நேரம் முன்பு ஏற்றிவிட்டால் அந்த எண்ணெய் சூடாகிவிடும்.

இன்றைய டிவியோ, சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், பெரும்பாலும் அரை வாட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் 'விரைவுத் தொடக்கம்' போன்ற வசதிகளைப் போட்டு வைத்தால் அந்தப் பெருமை போய்விடும்.

என் வீட்டின் மொத்த ஸ்டாண்ட்பையை எப்படி அளப்பது?

கருவி எதுவும் வாங்காமல் செய்யலாம். நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்.

வீட்டு மின்மீட்டர் முகப்பில் சிறு சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டுச் சிமிட்டும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள்: 1000, 1600, 3200 போன்ற எண்கள். இரவில் எல்லோரும் படுக்கப் போகும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். விளக்கு, மின்விசிறி, ஏ.சி., வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃப்ரிட்ஜைப் பத்து நிமிடம் மட்டும் பிளக்கில் அணையுங்கள், இல்லாவிட்டால் அதன் கம்ப்ரஸர் கணக்கைக் கெடுத்துவிடும். மற்ற எதையும் தொடாதீர்கள். சார்ஜர், டிவி, பெட்டிகள் எல்லாம் எப்போதும் இருப்பதுபோலவே இருக்கட்டும்.

இப்போது மீட்டர் முன் நின்று, ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை விநாடி என்று போனில் உள்ள ஸ்டாப்வாட்சில் பாருங்கள். 36 லட்சத்தை மீட்டரில் உள்ள எண்ணால் வகுங்கள்; வருவதை விநாடியால் வகுங்கள். விடை வாட்டில் வரும். எடுத்துக்காட்டாக, 3200 என்று அச்சிட்ட மீட்டரில் 45 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டினால்: 36,00,000 ÷ 3200 = 1125; 1125 ÷ 45 = 25 வாட். ஆண்டுக்கு 219 யூனிட். அதே மீட்டர் 15 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டினால் 75 வாட், ஆண்டுக்கு 657 யூனிட்.

எண் கிடைத்ததும் ஒருவரை வீட்டுக்குள் அனுப்பி, ஒவ்வொரு பிளக்காக அணைக்கச் சொல்லுங்கள். எதை அணைத்ததும் இடைவெளி சட்டென்று நீள்கிறதோ அதுதான் நீங்கள் தேடிய பெட்டி. முடிந்ததும் ஃப்ரிட்ஜை மறக்காமல் போட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மிகச் சிறிய சுமை தனியாக இருந்தால் மீட்டர் அதைக் கணக்கெடுக்கத் தொடங்காமலே இருக்கலாம். அதனால் ஒரே ஒரு சார்ஜரை மட்டும் விட்டுவிட்டு அளக்க முயலாதீர்கள். மொத்தத்தைப் பார்க்கத்தான் இந்த முறை.

பிளக்கில் செருகும் வாட் மீட்டரும் கிளாம்ப் மீட்டரும் வேறு வேறு எண் காட்டுகின்றனவே?

வயரைச் சுற்றிக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர் மின்னோட்டத்தை மட்டும் காட்டும். அதை வோல்ட்டேஜோடு பெருக்கினால் வருவது தோற்றத் திறன். உண்மையில் செலவாகும் திறன் அல்ல. மேலே சொன்ன உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் 0.22 மைக்ரோஃபாரட் என்றால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அது மட்டுமே 16 மில்லி ஆம்பியர் எடுக்கும். பெருக்கினால் 3.7 வருகிறது. ஆனால் கெப்பாசிட்டர் வாங்கியதை அதே சுழற்சியில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. உண்மைச் செலவு 0.1 வாட்டாகவே இருக்கலாம். வீட்டு மீட்டர்கள் பெரும்பாலும் கணக்கெடுப்பது உண்மைத் திறனைத்தான்.

பிளக் வாட் மீட்டர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கும், ஆனால் மலிவானவை ஒரு வாட்டுக்குக் கீழே தடுமாறும். ஒன்றுமே இல்லை என்று சுழியம் காட்டும், அல்லது தாறுமாறாகக் காட்டும். அதற்கு எளிய வழி: ஐந்தாறு சார்ஜர்களை ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒன்றாகச் செருகி, மொத்தத்தை அளந்து வகுத்துவிடுங்கள். செட்டாப் பாக்ஸ் போன்றவற்றுக்கு ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, மொத்த யூனிட்டைப் பாருங்கள். ஒரு கணத்தில் தெரியும் வாட்டைவிட அது நம்பகமானது.

போன் 100 சதவீதம் ஆன பிறகும் சார்ஜரிலேயே இருந்தால்?

மின்சாரச் செலவு சொற்பம். போன் உள்ளேயே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். தன் அன்றாட ஓட்டத்துக்குத் தேவையானதை மட்டும் எடுக்கும். கவலைப்பட வேண்டியது பேட்டரியின் ஆயுளைப் பற்றித்தான். லித்தியம் பேட்டரி முழு சார்ஜில், சூட்டோடு நீண்ட நேரம் இருந்தால் சீக்கிரம் மூப்படையும். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி போனிலோ லேப்டாப்பிலோ இருந்தால் போட்டுவிடுங்கள்.

லேப்டாப் வேறு கதை. மூடி வைத்த லேப்டாப் சார்ஜரோடு இணைந்திருந்தால், தூக்க நிலையிலேயே ஒன்றிரண்டு வாட் எடுக்கலாம். வார இறுதி முழுக்கத் தொடப் போவதில்லை என்றால் ஷட்டவுன் செய்து பிளக்கை அணையுங்கள்.

வயர்லெஸ் சார்ஜர்?

போன் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று சோதிக்க அது அவ்வப்போது ஒரு சிறு சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் வயர் சார்ஜரைவிடச் சும்மா இருக்கும் செலவு கொஞ்சம் கூடுதல். அதைவிடப் பெரிய இழப்பு சார்ஜ் ஆகும்போது நடக்கிறது: போன் சற்று நகர்ந்து உட்கார்ந்தால்கூடக் கணிசமான பங்கு சூடாகப் போய்விடும். வசதிக்காக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் வயரே மேல்.

எதையெல்லாம் பிளக்கில் அணைக்கவே கூடாது?

ஃப்ரிட்ஜ் (மேலே சொன்ன பத்து நிமிட அளவீட்டைத் தவிர), மருத்துவக் கருவிகள், பாதுகாப்பு அலாரம், கேமரா பதிவுப் பெட்டி. இவை எல்லோருக்கும் தெரிந்தவை.

தெரியாதவை இரண்டு. இங்க்ஜெட் பிரிண்டரை அதன் சொந்தப் பட்டனில் அணைத்த பிறகுதான் பிளக்கைத் தொட வேண்டும். அப்போதுதான் அது மை முனையை உறையிட்டு மூடும். பாதியில் மின்சாரத்தை வெட்டினால் முனை காய்ந்துவிடும். தவிர, சில மாடல்கள் ஒவ்வொரு முறை பிளக் போடும்போதும் முனையைக் கழுவ மையைச் செலவழிக்கும். மிச்சமாகும் மின்சாரத்தைவிட அந்த மை பெரிய நஷ்டம். அதை ஸ்டாண்ட்பையில் விடுவதே நல்லது.

ஓ.எல்.இ.டி. டிவியும் (திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) அப்படித்தான். ரிமோட்டில் அணைத்த பிறகு திரையைச் சீர்செய்யும் வேலை ஒன்றை அது தானாகச் செய்கிறது. அணைத்த கையோடு மெயின் சுவிட்சையும் அணைக்கும் பழக்கம் நாளடைவில் திரையில் படிந்த நிழல்களாகத் தெரியலாம்.

ரௌட்டரை இரவில் அணைக்கலாமா?

ரௌட்டர் ஸ்டாண்ட்பையில் இல்லை, முழு வேலையில் இருக்கிறது. 8 வாட் ரௌட்டரை இரவில் எட்டு மணி நேரம் அணைத்தால் ஆண்டுக்கு 23 யூனிட் மிச்சம். வீட்டு போன், கேமரா, அலாரம் எதுவும் அதை நம்பி இல்லையென்றால் தாராளமாக அணைக்கலாம். அவசரத்துக்கு வைஃபை அழைப்பைத்தான் நம்பியிருக்கிறீர்கள், வீட்டுக்குள் சிக்னலே வராது என்றால், விட்டுவிடுங்கள். அந்த 23 யூனிட்டுக்காக நடுராத்திரியில் மருத்துவரை அழைக்க முடியாத நிலை வரக் கூடாது.

ஸ்மார்ட் பிளக், டைமர் வாங்கலாமா?

ஸ்மார்ட் பிளக்கே வைஃபையில் இருக்க அரை வாட் முதல் ஒரு வாட் வரை எடுக்கும். 0.1 வாட் சார்ஜரை அணைக்க அதை வாங்கினால் செலவு கூடத்தான் செய்யும். 10 வாட் செட்டாப் பாக்ஸ், சப்வூஃபர், கன்சோல் மூன்றையும் சேர்த்து அணைக்க ஒன்று வாங்கினால் அர்த்தம் உண்டு. ஆனால் என் கருத்தில் இதற்கெல்லாம் மேலானது சுவிட்ச் வைத்த சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். டிவியோடு சேர்ந்தவை எல்லாம் ஒரு பாக்ஸில், கம்ப்யூட்டரோடு சேர்ந்தவை எல்லாம் இன்னொன்றில். ரௌட்டரும், மேலே சொன்ன இங்க்ஜெட் பிரிண்டரும் ஓ.எல்.இ.டி. டிவியும் இரண்டிலும் சேராமல் தனியாக. சுவிட்ச் குனியாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சோபாவுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்ட சுவிட்சை யாரும் ஒரு வாரத்துக்கு மேல் அணைக்க மாட்டார்கள்.

செட்டாப் பாக்ஸ் மட்டும் மென்பொருள் புதுப்பிப்புக்காக எப்போதாவது ஓர் இரவு மின்சாரத்தில் இருக்கட்டும்.

அடிக்கடி போட்டு அணைத்தால் சார்ஜர் கெட்டுப்போகாதா?

கெடாது. செருகும்போது சில சமயம் டக்கென்று ஒரு பொறி தெரியும். காலியாக இருந்த கெப்பாசிட்டர் ஒரே மூச்சில் நிரம்புவதால் வருவது அது. சுவரில் சுவிட்ச் இருந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுச் செருகுங்கள், பின்பு போடுங்கள். பிளக் முனைகள் கருகாமல் இருக்கும். அணைத்த பிறகும் லேப்டாப் அடாப்டரின் சிறு விளக்கு சில நொடி எரிந்து மெல்ல மங்குவதும் அதே கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்சாரம்தான். பழுது இல்லை.

பாதுகாப்புக்காகவாவது பிடுங்க வேண்டுமா?

ஆம். என்னைக் கேட்டால், போன் சார்ஜரைப் பிடுங்குவதற்கு மின்சாரச் சேமிப்பைவிட வலுவான காரணம் இதுதான். தரமான சார்ஜரில் சுவர் மின்சாரம் இருக்கும் பகுதிக்கும் போனுக்குப் போகும் பகுதிக்கும் நடுவே போதிய இடைவெளியும் காப்பும் விட்டிருப்பார்கள். போலிச் சார்ஜர்களில் அந்த இடைவெளியில்தான் கஞ்சத்தனம் பிடிப்பார்கள். காப்பு உடைந்தால் 5 வோல்ட் வர வேண்டிய வயரில் சுவர் மின்சாரமே வரலாம். வெற்றுச் சார்ஜர் வயரின் முனையைத் தவழும் குழந்தை வாயில் வைப்பதை நினைத்துப் பாருங்கள். இடி மின்னல் நேரத்தில் வரும் மின்னழுத்த எழுச்சியும் செருகியிருப்பதைத்தான் தாக்கும். பிடுங்கி வைத்ததை ஒன்றும் செய்யாது.

சும்மா இருக்கும்போதே சூடாகும் புது வகைச் சார்ஜர், கருகிய வாடை, விரிசல் விட்ட உறை, உள்கம்பி தெரியும் வயர்: இவற்றில் ஒன்று இருந்தாலும் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். தலையணைக்கு அடியில், போர்வைக்குள் சார்ஜ் போடவே வேண்டாம்.

இரண்டு முள் அடாப்டரில் சார்ஜ் ஆகும் லேப்டாப்பின் உலோக உடலைத் தடவினால் மெல்லிய கூச்சம் தெரிவதுண்டு. வடிகட்டிக் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறு மின்னோட்டம் அது. தரமான அடாப்டரில் ஆபத்தில்லை. சுள்ளென்று அடித்தால் அது வேறு விஷயம். உடனே நிறுத்துங்கள்.

இதற்கெல்லாம் சட்டம் ஏதும் உண்டா?

உண்டு, அதனால்தான் இன்றைய சார்ஜர்கள் இவ்வளவு குறைவாக எடுக்கின்றன. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மையர், சாதனங்கள் ஸ்டாண்ட்பையில் ஒரு வாட்டைத் தாண்டக் கூடாது என்று 1990-களின் இறுதியில் வலியுறுத்தினார். சர்வதேச எரிசக்தி முகமை 1999-இல் அதை இலக்காக எடுத்துக்கொண்டது. 2001-இல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், அரசு அலுவலகங்கள் வாங்கும் சாதனங்களுக்கு ஒரு வாட் வரம்பு வைத்து ஆணையிட்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் கொண்டுவந்த விதி, 2010-இல் ஒரு வாட், 2013-இல் அரை வாட் என்று படிப்படியாக இறுக்கியது.

2008-இல் பெரிய போன் நிறுவனங்கள் ஐந்து சேர்ந்து, சார்ஜர்களுக்கு நட்சத்திரக் குறியீடு கொடுத்தன: 0.03 வாட்டும் அதற்குக் கீழும் ஐந்து நட்சத்திரம், அரை வாட்டுக்கு மேல் ஒன்றும் இல்லை. லேபிளில் பார்த்த ரோமன் ஆறு, அமெரிக்காவில் 2016 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். 2020 ஏப்ரலிலிருந்து ஐரோப்பாவிலும் சிறிய அடாப்டர்களுக்கு அதே 0.1 வாட் வரம்பு. அதை எட்ட முடியாத பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்கள் அந்தச் சந்தைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டன. நல்ல விதி ஒன்று, கோடிக்கணக்கான பேர் தினமும் பிளக்கைப் பிடுங்குவதைவிட அதிகம் சாதித்திருக்கிறது.

சூரிய மின்சாரத்திலோ பேட்டரியிலோ மட்டும் ஓடும் வீட்டுக்கு?

அங்கே கணக்கே வேறு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தம் 1.2 யூனிட். வீட்டு ஸ்டாண்ட்பை 20 வாட் என்றால் ஒரு நாளில் 0.48 யூனிட், அதாவது பேட்டரியில் ஐந்தில் இரண்டு பங்கு, யாரும் எதையும் பயன்படுத்தாமலே காலியாகிவிடும். இதற்கு மேல் இன்வெர்ட்டர் சும்மா ஓடுவதற்கே சில வாட் எடுக்கும். இப்படிப்பட்ட வீட்டில் ஒவ்வொரு வாட்டும் முக்கியம். போனையும் விளக்கையும் இன்வெர்ட்டர் வழியாகப் போகாமல் நேரே 12 வோல்ட்டிலிருந்து சார்ஜ் செய்வது பெரிய மிச்சம்.

மின்வெட்டுக்காக வைத்திருக்கும் யு.பி.எஸ். இருந்தால் அதையும் அளந்து பாருங்கள். பேட்டரி நிரம்பிய பிறகும் அது 10 முதல் 20 வாட் எடுப்பது உண்டு.

புதிதாக வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

லேபிளில் ரோமன் ஆறு. நம்பகமான பாதுகாப்புச் சான்று முத்திரை. நாலு சார்ஜர்களுக்குப் பதில் நாலு துளை உள்ள ஒரே நல்ல சார்ஜர். காலியம் நைட்ரைடு (GaN என்று போட்டிருக்கும்) வகை அளவில் சிறியது, சார்ஜ் ஆகும்போது சூடும் குறைவு. சும்மா இருக்கும்போது மற்ற நல்ல சார்ஜர்களைப் போலத்தான். வீட்டில் நல்ல சார்ஜர் ஏற்கனவே இருந்தால் புதிது வாங்கவே வேண்டாம். ஒரு சார்ஜரைத் தயாரிக்க ஆகும் உலோகமும் மின்சாரமும், அது ஆண்டுக்கு மிச்சம் பிடிக்கும் அரை யூனிட்டில் திரும்பி வராது.

இழுப்பறை நிறையப் பழைய அடாப்டர்கள் இருக்கின்றன. என்ன செய்வது?

ஒவ்வொன்றையும் எடுத்து லேபிளில் வோல்ட்டும் ஆம்பியரும் பாருங்கள். ரௌட்டர், ஸ்பீக்கர் போன்று வீட்டில் இப்போது ஓடும் ஏதாவது சாதனத்துக்கு மாற்றாக வரக்கூடியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். வோல்ட்டும் முனையின் பிளஸ்-மைனஸ் அமைப்பும் அப்படியே ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். எந்தச் சாதனத்துக்கு என்று தெரிந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வயரில் ஒட்டிவிடுங்கள். மிச்சத்தைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். உள்ளே தாமிரம் இருக்கிறது, அதை மறுபடி பயன்படுத்த முடியும்.